மதனப்பள்ளியில் எண்ணினார்கள், தும்கூரில் கேட்டார்கள்

காசநோயைத் தடுப்பதற்கான பி.சி.ஜி. தடுப்பூசி இந்தியாவில் முதன்முதலில் போடப்பட்ட ஊர்களில் மதனப்பள்ளியும் ஒன்று. ஆண்டு 1948. அன்று மதனப்பள்ளி அடங்கிய சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. மதனப்பள்ளிக்குச் சற்று வெளியே, ஆரோக்கியவரம் என்று பெயர் வைக்கப்பட்ட இடத்தில், பல கிறிஸ்தவ மிஷன்கள் கூடி நடத்திய காசநோய் சானடோரியம் 1915 முதல் இயங்கிவந்தது. டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மோலர் அதை வளர்த்தெடுத்தார். அவருடைய மகன் டாக்டர் யோஹன்னஸ் ஃப்ரிமோட்-மோலர் அதை உலகம் திரும்பிப் பார்க்கும் ஆராய்ச்சி நிலையமாக்கினார்.

சானடோரியத்தின் வாசலுக்கு வருகிறவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஊருக்குள் நோய் எவ்வளவு இருக்கிறது என்பது ஒருநாளும் தெரியாது என்பதை மகன் உணர்ந்திருந்தார். ஆகவே 1950 முதல், மதனப்பள்ளி நகரையும் அதைச் சுற்றிப் பத்து மைல் வட்டத்துக்குள் இருந்த கிராமங்களையும் ஆய்வுப் பகுதியாக எடுத்துக்கொண்டார். ஏறத்தாழ 60,000 பேர். வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். தொற்று இருக்கிறதா என்று அறிய முன்கையில் டியூபர்குலின் ஊசி போட்டுத் தடிப்பை அளந்தார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியைச் சோதித்தார்கள். பிறகு மறுபடியும் அதே ஊர்களுக்குப் போனார்கள். 1950 முதல் 1955 வரையிலான இந்த ஆய்வின் அறிக்கை 1960-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளியானபோது நூறு பக்கங்களைத் தாண்டியிருந்தது. தென்னிந்தியக் கிராமம் ஒன்றில் காசநோய் எப்படிப் பரவுகிறது, யாரைப் பிடிக்கிறது என்பதற்கு அதைப் போன்ற விரிவான சான்று அதற்குமுன் நம்மிடம் இல்லை.

இதே மக்களிடம்தான் பி.சி.ஜி. தடுப்பூசி பயன்படுகிறதா என்றும் பார்த்தார்கள். ஒன்றுவிட்டு ஒன்று என்ற வரிசையில் பிரித்து, 5,069 பேருக்கு ஊசி போட்டார்கள். 5,808 பேருக்குப் போடவில்லை. பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1973-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஊசி போட்டவர்களில் 33 பேருக்கும் போடாதவர்களில் 47 பேருக்கும் காசநோய் வந்திருந்தது. பலன் இருந்தது, ஆனால் எதிர்பார்த்த அளவைவிட மிகவும் குறைவு.

நேர்மையான, கடுமையான உழைப்பு அது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த ஆய்வின் வேலை நோயை அளப்பது. நிலக்கடலை விதைத்தும் ஆடு மேய்த்தும் பிழைத்த அந்த மக்கள் வயதாகவும் தடிப்பின் மில்லிமீட்டராகவும் எக்ஸ்ரே நிழலாகவும் அதில் பதிவானார்கள். எதை ஆராய வேண்டும், எது பலன், எது நஷ்டம் என்று முடிவெடுத்த மேசையில் அவர்களில் ஒருவரும் உட்காரவில்லை. அந்தக் காலத்தில் உலகில் எங்குமே உட்காரவைக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மேசைக்கு வெளியே நின்று கேள்வி கேட்டவர்கள் இருந்தார்கள். சென்னையில் ஏ. வி. ராமன் என்பவர் பி.சி.ஜி. இயக்கத்தை எதிர்த்துத் தொடர்ந்து எழுதினார். 1955-இல் ராஜாஜி, தான் அதை ஏன் எதிர்க்கிறேன் என்று விளக்கி ஆங்கிலத்தில் ஒரு சிறுநூலே வெளியிட்டார். தடுப்பூசியின் பலன் ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்படவில்லை. அப்படிப்பட்ட ஒன்றை இத்தனை லட்சம் குழந்தைகளுக்கு அரசு அவசரமாகப் போடலாமா என்பது அவருடைய வாதத்தின் சாரம். டெல்லி அதை அறிவியல் தெரியாதவர்களின் பிடிவாதமாகவே பார்த்தது.

இதில் இரு தரப்பும் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. 1968-இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் இன்னும் பெரிய பி.சி.ஜி. ஆய்வு தொடங்கியது. பின்னாளில் உலகின் பி.சி.ஜி. ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த 1994-ஆம் ஆண்டுக் கட்டுரையில் அதன் எண்கள் இப்படி இருக்கின்றன: ஊசி போட்ட 88,391 பேரில் 505 பேருக்குக் காசநோய், போடாத 88,391 பேரில் 499 பேருக்கு. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைப் பொறுத்தவரை பலன் ஏதும் இல்லை என்றே ஆனது. ராஜாஜி கேட்ட அடிப்படைக் கேள்வி வெறும் வறட்டுவாதம் அல்ல என்பதற்கு இந்த எண்களே சாட்சி. அதே சமயம், பச்சிளங்குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து பி.சி.ஜி. காப்பாற்றுகிறது என்பதும் உறுதியாகியிருக்கிறது. அவர் பேச்சைக் கேட்டு அன்றே நிறுத்தியிருந்தால் எத்தனையோ பிள்ளைகளை இழந்திருப்போம். பொதுமக்களின் கேள்வி ஆய்வுக்குள் வர வேண்டும் என்பது என் வாதம்; அவர்கள் சொல்வதெல்லாம் பதிலாகிவிடும் என்பது அல்ல. ஒரு கேள்வி மேடையிலும் துண்டறிக்கையிலும் மட்டும் உயிரோடு இருந்தால் அது இரு பக்கமும் பகையாக முற்றும். ஆய்வுத் திட்டத்துக்குள் வந்தால்தான் அதற்கு விடை கிடைக்கும்.

அப்படி உள்ளே வந்த கேள்வி ஒன்று இந்திய மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. அதற்கு மதனப்பள்ளியிலிருந்து மேற்கே கர்நாடகத்துக்குள் போக வேண்டும். பெங்களூரில் 1959-இல் தேசியக் காசநோய் நிறுவனம் தொடங்கப்பட்டது. நாடு முழுமைக்கும் ஒரு காசநோய்த் திட்டம் வகுப்பது அதன் பொறுப்பு. அன்று நிபுணர்களிடையே இருந்த பொது எண்ணம் இதுதான்: கிராமத்து மக்களுக்கு நோயைப் பற்றித் தெரியாது, இருமலைப் பொருட்படுத்த மாட்டார்கள், ஆகவே எக்ஸ்ரே வண்டியோடு நாம்தான் ஊர் ஊராகப் போய் அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். நாட்டின் ஒவ்வொரு கிராமத்துக்கும் எக்ஸ்ரே வண்டி அனுப்ப அன்றைய இந்தியாவிடம் பணமும் இல்லை, படமெடுக்க ஆளும் இல்லை.

அந்த நிறுவனத்தில் பணியாற்றிய டாக்டர் டி. பானர்ஜி சமூகவியல் பார்வை கொண்ட மருத்துவர். டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்டிக் ஆண்டர்சனோடு சேர்ந்து தும்கூர் மாவட்டத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். காசநோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களிடம் போய்ப் பேசினார்கள். உங்களுக்கு உடம்புக்கு என்ன செய்கிறது? எவ்வளவு நாளாக? அதைப் பற்றிக் கவலைப்பட்டீர்களா? யாரிடமாவது போய்க் காட்டினீர்களா?

1963-இல் வெளியான அந்த முடிவுகள் நிபுணர்களின் எண்ணத்தைத் தலைகீழாக்கின. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்குத் தம் உடம்பில் ஏதோ கோளாறு என்பது நன்றாகவே தெரிந்திருந்தது. பெரும்பகுதியினர் அதை நினைத்துக் கவலைப்பட்டும் இருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் அரசு ஆஸ்பத்திரிக்கோ மருந்தகத்துக்கோ ஏற்கெனவே போய்வந்தும் இருந்தார்கள். அங்கே அவர்களின் சளியை யாரும் சோதிக்கவில்லை. இருமலுக்கு ஒரு பாட்டில் மருந்தைக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். மக்கள் அறியாமையில் கிடக்கிறார்கள் என்று எதைச் சொல்லிக்கொண்டிருந்தோமோ அது உண்மையில் மருத்துவமனையின் அறியாமை.

தேடிப் போவதைவிட, தேடி வந்தவரைத் திருப்பி அனுப்பாமல் இருப்பதே முதல் வேலை என்றானது. எக்ஸ்ரே வண்டிக்குப் பதில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு மைக்ரோஸ்கோப். அந்த முடிவுகள் அச்சில் வருமுன்பே, 1962-இல் உருவான தேசியக் காசநோய்த் திட்டம் பொது மருத்துவமனைகளோடு இணைந்து நடக்க வேண்டும் என்று வடிவமைக்கப்பட்டதற்கு இந்தச் சிந்தனையே அடிப்படை. இன்றைக்கும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைச் சோதியுங்கள் என்று சுவரில் எழுதியிருக்கிறதே, அதன் வேர் தும்கூர்க் கிராமத்துத் திண்ணையில் நடந்த அந்தப் பேச்சில் இருக்கிறது.

பானர்ஜி செய்ததும் இன்றைய பொருளில் நோயாளியை ஆய்வின் பங்காளியாக்குவது ஆகாது. கேள்விகளை அவர்தான் தயாரித்தார், முடிவுகளை அவர்தான் எழுதினார். ஆனாலும் நோயாளிக்குத் தன் நோயைப் பற்றி, மருத்துவருக்குத் தெரியாத ஒன்று தெரியும் என்ற நம்பிக்கை அந்த ஆய்வின் அடிநாதம். அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் பங்காளி என்ற பேச்சுக்கே இடமில்லை.

அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஆந்திரத்திலேயே ஆறாத காயம் ஒன்று இருக்கிறது. 2009-இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும், கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசியைப் பள்ளி வயதுச் சிறுமிகளுக்குப் போடும் திட்டம் ஒன்றை பாத் என்ற அமெரிக்க அமைப்பு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடனும் மாநில அரசுகளுடனும் சேர்ந்து தொடங்கியது. கம்மத்தில் சேர்க்கப்பட்டவர்களில் பழங்குடிச் சிறுமிகள் நிறையப் பேர். அரசு விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். சிலர் இறந்தார்கள். அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமல்ல என்றே விசாரணைக் குழு கருதியது. ஆனால் ஒப்புதல் படிவங்களைப் புரட்டியபோது வேறொன்று தெரியவந்தது. பெற்றோர் போட வேண்டிய கையெழுத்தை ஆயிரக்கணக்கான படிவங்களில் விடுதி வார்டன்கள் போட்டிருந்தார்கள். பெண் அமைப்புகளும் நலவாழ்வு அமைப்புகளும் குரல் எழுப்பிய பிறகு 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையான அறிக்கை ஒன்றைத் தந்தது.

ஹெச்.பி.வி. தடுப்பூசி நல்ல தடுப்பூசி. உலகம் முழுக்க அது நிரூபணமாகியிருக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய் அதிகமாக உள்ள நாடு நம்முடையது. ஆனாலும் அந்தத் தடுப்பூசியின் பேர் இங்கே பல ஆண்டுகள் சந்தேகத்தோடுதான் உச்சரிக்கப்பட்டது. பெற்றோரை உட்காரவைத்து, அவர்கள் பயத்தைக் கேட்டு, அவர்களோடு சேர்ந்து திட்டமிட ஒதுக்காத சில மாதங்களுக்கு நாடு கொடுத்த விலை அது.

இதையொட்டியும் இதுபோன்ற பிற வழக்குகளையொட்டியும் சட்டம் இறுகியது. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி, ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் மருத்துவத் துறை சாராத சாமானியர். எளிதில் ஏமாற்றப்படக்கூடியவர்களிடம் ஒப்புதல் பெறும்போது சில வகை ஆய்வுகளில் அதை வீடியோவாகப் பதிவு செய்யவும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகள் சமூகத்தோடு கலந்து பேசுவதைப் பற்றியும் சொல்கின்றன. மருத்துவ ஆராய்ச்சியின் நெறிகளைச் சொல்லும், 2024-இல் திருத்தப்பட்ட ஹெல்சிங்கி பிரகடனம், ஆய்வுக்கு முன்பும் நடுவிலும் பின்பும் பங்கேற்பவர்களோடும் அவர்களின் சமூகத்தோடும் பொருளுள்ள உறவு வேண்டும் என்கிறது.

இவை எல்லாமே தேவை. ஆனால் இந்திய விதிகளின் கனம் முழுவதும் ஒரே கட்டத்தின் மேல் விழுகிறது: கையெழுத்து வாங்கும் கட்டம். அதற்குள் ஆய்வின் தலைப்பு முடிவாகியிருக்கும், எதை அளப்பது என்பதும் எத்தனை தடவை ரத்தம் எடுப்பது என்பதும் முடிவாகியிருக்கும், பணமும் வந்திருக்கும். நோயாளிக்கு மிச்சம் இருப்பது சேர்வதா வேண்டாமா என்ற ஒரே தீர்மானம். நெறிமுறைக் குழுவின் சாமானிய உறுப்பினருக்கும் அதே நிலைமைதான். அவர் அந்த நோயால் அவதிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை.

கேள்வி உருவாகும் இடத்திலேயே நோயாளி இருந்தால் என்ன நடக்கும்? சித்தூரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், வேலூரில், 1950-களில் நடந்ததைச் சொல்கிறேன். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார். குணமானவர்கள் ஊரில் பிழைக்கத் தொழில் கற்றுக்கொள்வதற்காக 1951-இல் நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு தொடங்கப்பட்டது. தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி உதிரும் என்பது அன்று மருத்துவர்களும் நம்பிய ஒன்று. உணர்ச்சி இல்லாததால் ஏற்படும் காயங்களே காரணம் என்று பிராண்ட் ஐயப்பட்டார். அதை நிரூபிக்க இருபத்துநான்கு மணி நேரமும் ஒருவர் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு காயமும் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். எந்த மருத்துவரால் முடியும்?

அங்கே தங்கியிருந்த இளைஞர்களால் முடிந்தது. தினமும் கைகால்களைப் பார்த்து, ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். சூடான பாத்திரம், சுத்தியல் பிடி, செருப்புக்குள் கிடந்த ஆணி. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கிடைத்தது. ஒன்றுக்கு மட்டும் கிடைக்கவில்லை. இரவு முழு விரலோடு படுத்தவன் காலையில் எழுந்தால் விரலின் ஒரு பகுதியைக் காணோம். நோய்தான் தின்கிறது என்ற பழைய நம்பிக்கைக்கு இதைவிட வலுவான சான்று வேண்டுமா? அவர்கள் அதை ஏற்கவில்லை. இரவில் ஒருவரை விழித்திருந்து பார்க்கச் சொன்னார்கள். நள்ளிரவு தாண்டி ஓர் எலி கட்டிலில் ஏறியது. தூங்குகிறவனின் கையை மோந்து பார்த்தது. விரலைக் கடித்துத் தின்னத் தொடங்கியது. அவனுக்கு வலியே தெரியவில்லை. காவலிருந்தவன் போட்ட கூச்சலில்தான் அறையே விழித்தது.

அதற்குப் பிறகு, சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரும் கூடவே ஒரு பூனையைக் கொண்டுபோக வேண்டும் என்பது அங்கே விதியானது. பிராண்ட் இதைப் பிற்பாடு தன் நூலில் எழுதினார். தொழுநோயின் ஊனங்கள் தடுக்கக்கூடியவை என்ற இன்றைய அறிவு, ஸ்கேன் கருவிகளும் பெரிய நிதியும் வருவதற்கு முன்பே, நோயாளிகள் கண்ணால் கண்டு சேர்த்த சான்றிலும் நிற்கிறது. அவர்களை ஆய்வாளர்கள் என்று அழைக்காமல் வேறு எப்படி அழைப்பது?

வெளிநாடுகளில் இதற்கு இப்போது முறையான அமைப்புகளே வந்துவிட்டன. பிரிட்டனில் 1990-களிலிருந்தே பொதுமக்கள் பங்கேற்புக்கென்று தனி அமைப்பு இருந்தது. 2004-இல் தொடங்கிய ஜேம்ஸ் லிண்ட் கூட்டணி, நோயாளிகளையும் மருத்துவர்களையும் சமமாக உட்காரவைத்து, எந்தக் கேள்விக்கு முதலில் விடை தேட வேண்டும் என்று பட்டியலிடுகிறது. முடக்குவாதத்தை ஆராயும் ஓமராக்ட் என்ற சர்வதேசக் குழு 2002-இல் முதல்முறையாக நோயாளிகளைக் கூட்டத்துக்கு அழைத்தது. மூட்டு வீக்கத்தையும் வலியையும் அளந்துகொண்டிருந்த நிபுணர்களிடம் அவர்கள், எங்களை முடக்கிப்போடுவது அசதி, அதை ஏன் நீங்கள் அளப்பதே இல்லை என்று கேட்டார்கள். சில ஆண்டுகளில் அசதியும் முடக்குவாத ஆய்வுகளில் அளக்க வேண்டியவற்றுள் ஒன்றானது.

டயாலிசிஸ் விஷயத்தில் நடந்தது இன்னும் யோசிக்கவைக்கிறது. ஆஸ்திரேலியாவில் அலிசன் டாங் முதலியோர் முன்னின்று நடத்திய சாங் என்ற திட்டத்தில், 73 நாடுகளைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடமும் பராமரிப்பவர்களிடமும் மருத்துவப் பணியாளர்களிடமும், டயாலிசிஸ் ஆய்வுகளில் எதை முக்கியமாக அளக்க வேண்டும் என்று கேட்டார்கள். மருத்துவர்கள் இறப்பு விகிதத்துக்கும் ஆஸ்பத்திரியில் சேர்வதற்கும் கூடுதல் மதிப்பெண் தந்தார்கள். நோயாளிகளோ பயணம் செய்ய முடிவது, டயாலிசிஸ் இல்லாத நேரம், சிகிச்சை முடிந்ததும் உடம்பில் சத்தே இல்லாமல் போவது ஆகியவற்றை மேலே வைத்தார்கள். கடைசியில், இனி எல்லா ஹீமோடயாலிசிஸ் ஆய்வுகளும் அளக்க வேண்டியவை என்று நான்கை முடிவு செய்தபோது, இறப்பு, இதயநோய், டயாலிசிஸுக்கான ரத்தக்குழாய் வழி ஆகியவற்றோடு அசதியும் இடம்பிடித்தது.

இதைத் திருப்பதியில் பொருத்திப் பாருங்கள். திருமலை திருப்பதி தேவஸ்தானம் உருவாக்கி 1993-இல் திறக்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனம் - ஊர் மக்களுக்கு ஸ்விம்ஸ் - ராயலசீமையின் சிறுநீரக நோயாளிகளுக்குப் பெரிய புகல். 2007-இல் ஆரோக்யஸ்ரீ திட்டம் வந்த பிறகு ஏழைக்கும் டயாலிசிஸ் எட்டும் தூரத்துக்கு வந்தது. புங்கனூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் வாரம் இரண்டு மூன்று முறை வர வேண்டுமென்றால் அவருடைய நாள் எப்படி இருக்கும்? விடியுமுன் பஸ். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு. முன்கையில் டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட இடத்தில் இரண்டு தடித்த ஊசிகள். முடிந்ததும் எழுந்து நிற்கக் கால் தள்ளாடும். திரும்பிப் போகும் பஸ்ஸில் இடம் கிடைக்குமா என்பதும் அன்றைய சிகிச்சையின் ஒரு பகுதி. துணைக்கு வந்த மனைவிக்கோ மகனுக்கோ அன்றைய கூலி போயிற்று. கோடையில் தொண்டை வறண்டாலும் குடிக்கும் தண்ணீருக்கு அளவு உண்டு.

இவரிடம் ஆராய்ச்சிக்குக் கேள்வி கேட்டால் என்ன சொல்வார் என்று நான் கற்பனை செய்யப் போவதில்லை, கேட்டால்தான் தெரியும். ஆனால் ஊருக்குப் பக்கத்தில் டயாலிசிஸ் செய்துகொள்வதற்கும் பெரிய ஆஸ்பத்திரியில் செய்துகொள்வதற்கும் உள்ள வேறுபாடு, வெயிலில் வேலை செய்கிறவருக்கான தண்ணீர் அளவு, துணைக்கு வருபவரின் வருமான இழப்பு போன்றவை ரத்தப் பரிசோதனைத் தாளில் தெரியாத விஷயங்கள். இவை ஆய்வுக் கேள்வியாவதற்கு இவர் அந்த அறையில் இருந்தாக வேண்டும்.

இன்னொரு கேள்வி புத்தூரில் காத்திருக்கிறது. எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டு என்பது தமிழ்நாட்டு வீடுகளிலும் பழகிய பேச்சு; சென்னையின் தெருக்களில்கூட அந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்கலாம். மூலிகைச் சாறு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி: தலைமுறைகளாக ஒரு குடும்பம் காத்துவரும் வைத்தியம். அதே வட்டாரத்தில், திருப்பதியில், எலும்பு அறுவை சிகிச்சைக்குப் பேர்பெற்ற பிர்டு மருத்துவமனையும் இருக்கிறது. எந்த முறிவுக்குக் கட்டு போதும், எதற்கு ஆபரேஷன் தப்பாது, எங்கே கட்டு இறுகி ரத்த ஓட்டம் நின்று கையே போகும் என்பது அங்கே போகும் ஒவ்வொருவரின் மனதிலும் உள்ள சந்தேகம். எலும்பு மருத்துவர்கள் பெரும்பாலும் கெட்டுப்போன கைகளையே பார்க்கிறார்கள். நன்றாகக் கூடியவர்கள் அவர்களிடம் வருவதில்லை. கட்டுபவர்களிடம் கேட்டால் நேர்மாறான கணக்கு கிடைக்கும். இரண்டு பக்கத்தையும் கண்டவர்கள் நோயாளிகள்தான். மக்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்பதை அறியாமை என்று ஒதுக்கினால், தும்கூருக்கு முந்தைய நிபுணர்கள் செய்த தவறையே திரும்பச் செய்கிறோம்.

நோயாளிப் பங்கேற்பைப் பற்றிச் சொல்லப்படும் ஆட்சேபங்களில் நியாயமானவை உண்டு. யார் நோயாளிகளின் பிரதிநிதி? கூட்டத்துக்கு வரச் சொன்னால், ஆங்கிலம் தெரிந்த, ஓய்வுபெற்ற, நகரத்து ஆண் ஒருவர் வந்து உட்காருவார். சித்தூரில் தோத்தாபுரி மாங்காய் இறங்கும் ஜூன், ஜூலையில் மாங்கூழ் ஆலைக்கும் தோப்புக்கும் கூலிக்குப் போகும் பெண் எந்தக் கூட்டத்துக்கும் வர முடியாது. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பகுதிகளில் தமிழ் பேசும் வீடுகள் நிறைய. பல வீடுகளில் உருது. தெலுங்கில் நடக்கும் கூட்டத்தில் இவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். சாதியும் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். 1969-இலேயே ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க அறிஞர் மக்கள் பங்கேற்பை ஓர் ஏணியாக வரைந்து காட்டினார். அதன் கீழ்ப்படிகளில் மக்களை வெறுமனே கூப்பிட்டு உட்காரவைப்பது இருக்கிறது. மேற்படிகளில்தான் முடிவெடுக்கும் அதிகாரம். நம் ஊரில் கீழ்ப்படியிலேயே நின்று போட்டோ எடுத்துக்கொள்வது சுலபம்.

ஆனால் இவற்றுக்கு வழி இல்லாமல் இல்லை. ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் ஏக்ஜுட் என்ற அமைப்பு பழங்குடிப் பெண்களின் குழுக்களை மாதந்தோறும் கூட்டியது. எழுத்துத் தேவையில்லாத பட அட்டைகள், கதைகள், விளையாட்டுகள். பிரசவத்தில் தங்கள் ஊரில் எது பெரிய ஆபத்து என்பதைப் பெண்களே வரிசைப்படுத்தினார்கள்; என்ன செய்வது என்பதையும் அவர்களே தீர்மானித்துச் செய்தார்கள். 2010-இல் லான்செட் ஏட்டில் வெளியான அந்த ஆய்வில், குழுக்கள் இருந்த பகுதிகளில் பச்சிளங்குழந்தை இறப்பு மூன்று ஆண்டுகளில் 32 சதவீதம் குறைவாக இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களால் ஆராய்ச்சியில் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு எண் போதும். கூட்டம் அவர்கள் ஊரில், அவர்கள் மொழியில், அவர்களுக்கு ஒழிந்த நேரத்தில் நடந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

பணத்தைப் பற்றியும் வெட்கமில்லாமல் பேச வேண்டும். பேராசிரியருக்குச் சம்பளம் உண்டு, ஆய்வு உதவியாளருக்கு ஊதியம் உண்டு, கூட்டத்துக்கு வந்து தன் அனுபவத்தைத் தரும் நோயாளிக்கு ஒரு டீயும் பிஸ்கட்டும் என்றால் அவரைப் பங்காளி என்று அழைக்கும் தகுதி நமக்கில்லை. பிரிட்டனில் இவர்களின் நேரத்துக்குப் பணம் தரும் வழிமுறை எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. இங்கே குறைந்தபட்சம் ஒருநாள் கூலியும் பஸ் செலவும் துணைக்கு வருபவரின் செலவும் ஆய்வின் பட்ஜெட்டில் தனி வரியாக இருக்க வேண்டும். நிதி தரும் நிறுவனங்கள் அந்த வரி இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பலாம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு இன்று சித்தூரிலும் ஒரு வளாகம் இருக்கிறது. திருப்பதியில் ஸ்விம்ஸும், 1960-இல் தொடங்கிய எஸ்.வி. மருத்துவக் கல்லூரியும், பிர்டும், புதிய புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கின்றன. ஆய்வு செய்ய ஆளும் இடமும் இந்த மண்ணில் குறைவில்லை. ஆராய்ச்சிக்குத் தம் உடம்பைக் கொடுத்த அனுபவமும் இந்த மண்ணுக்கு முக்கால் நூற்றாண்டாக உண்டு.

ஆகவே இங்குள்ள நெறிமுறைக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆய்வு விண்ணப்பப் படிவத்தில் இந்தக் கேள்வியைச் சேருங்கள்: இந்த ஆய்வின் கேள்வியை முடிவு செய்தபோது அந்த நோய் உள்ளவர்கள் எத்தனை பேர் உடனிருந்தார்கள், அவர்கள் சொன்னதால் திட்டத்தில் என்ன மாறியது? பதில் காலியாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

இதைப் படிப்பவர் நோயாளியாகவோ நோயாளியின் வீட்டாராகவோ இருந்தால் உங்களுக்கும் ஒன்று. யாராவது ஆய்வுக்குக் கையெழுத்துக் கேட்டு வந்தால் முகம் கோணாமல் உட்காரச் சொல்லுங்கள். ஆய்வு வேண்டிய ஒன்று. கையெழுத்துப் போடுமுன் மூன்றைக் கேளுங்கள். இந்தக் கேள்வியை யார் தேர்ந்தெடுத்தது? என்னைப் போன்ற யாரையாவது கலந்துகொண்டீர்களா? முடிவு தெரிந்ததும் எங்கள் ஊருக்கு வந்து, எங்கள் மொழியில், எப்போது சொல்வீர்கள்? மூன்றாவதற்கு ஒரு தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.